மிகுதி என்பது யாது?
‘தெரிந்துதெளிதல்’ அதிகாரமும் நிறையிட்டுத் தெரியும் முறையும் – ஒரு நோக்கு

திருக்குறளை இக்கால அறிவுத்துறைகளோடு இணைத்து நோக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. முகாமைத்துவம், பொருளியல், உளவியல் ஆகிய துறைகளைப் பயில்வோர் தத்தம் துறையின் கோட்பாடுகளுக்கு வள்ளுவரிடத்தே முற்கோள் காண விழைகின்றனர். இவ்விழைவு தவறானதன்று. ஆயினும் ஒப்புமையைக் கண்ட மகிழ்ச்சியில் வேற்றுமையைக் காணாது விடுவது திறனாய்வு ஆகாது. பொருட்பாலில் ஐம்பத்தோராவது அதிகாரமாக அமைந்த ‘தெரிந்துதெளிதல்’ இத்தகைய அவசர ஒப்புமைக்கு எளிதில் இடந்தரக்கூடியது. ஒருவனிடத்துள்ள குணங்களையும் குற்றங்களையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்திருப்பது எதுவோ அதனைக் கொண்டு அவனை மதிப்பிடுக என்னும் 504ஆம் குறளை இன்றைய மாணவன் ஒருவன் படிக்கும்போது, புள்ளியிட்டு, நிறையிட்டு, கூட்டிப் பார்த்துத் தெரியும் இன்றைய முறையை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்று முடிவுகட்டுதல் இயல்பே. அம்முடிபு எவ்வளவிற்குப் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறள்களின் எண்களும் வைப்புமுறையும் பரிமேலழகர் உரையைத் தழுவி இங்கு தரப்படுகின்றன.

நிறையிட்டுத் தெரிதல்

முதலில் அம்முறை யாதென நோக்குவோம். 1772ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பரும் அறிவியலாளருமான யோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதமொன்று இதன் எளிய முன்னோடியாகக் கருதப்படுகின்றது. முடிவெடுக்க இடர்ப்படுபவர் ஒரு தாளின் நடுவே கோடிட்டு, ஒருபுறத்தில் ஏற்பதற்குரிய காரணங்களையும் மறுபுறத்தில் மறுப்பதற்குரிய காரணங்களையும் சில நாட்கள் சிந்தித்து எழுதவேண்டும். பின்னர் இருபுறத்தும் நிறையொத்தவற்றை அடித்துவிட வேண்டும். ஒருபுறத்துக் காரணமொன்று மறுபுறத்துக் காரணங்கள் இரண்டுக்கு ஒப்பாயின் மூன்றையுமே அடித்துவிடலாம். இறுதியில் எஞ்சுவது எப்புறத்ததோ அப்புறமே முடிவு. குணத்தையும் குற்றத்தையும் எதிரெதிர் வைத்து மிகுதியைக் காணும் 504ஆம் குறளுக்கு இதனினும் நெருங்கிய ஒப்புமையைக் காண்டல் அரிது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வெண்ணம் விரிந்து தனித்துறையாக வளர்ந்தது. கீனி, ரைபா ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட நூல், பல குறிக்கோள்கள் ஒன்றோடொன்று முரணும்போது முடிவெடுத்தல் பற்றிய கோட்பாட்டை ஒழுங்குற வகுத்தது. தோமஸ் சாட்டி என்பவர் 1980இல் வெளியிட்ட நூலில், அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றதனினும் எத்துணை முதன்மையானது என்பதை 1 முதல் 9 வரையான எண்களாற் குறித்து, அவற்றிலிருந்து நிறைகளைக் கணிக்கும் வழியை விளக்கினார். முறைகள் பலவாயினும் அவற்றுட் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றே. தெரியப்படவேண்டியவை எவை, அவற்றை அளக்கும் அளவுகோல்கள் எவை, ஒவ்வோர் அளவுகோலுக்கும் உரிய நிறை எவ்வளவு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுகோலிலும் பெறும் புள்ளி எவ்வளவு என்னும் நான்கையும் வரையறுத்து, புள்ளியை நிறையாற் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை மிகுந்தது தெரியப்படும்.

எடுத்துக்காட்டாக, சங்கமொன்று தனக்கொரு பொருளாளரைத் தெரிகின்றது எனக் கொள்வோம். அளவுகோல்கள் கணக்கறிவு, நேர்மை, முயற்சி என மூன்று. இவற்றுக்கு முறையே 5, 3, 2 என நிறையிடப்படுகின்றது. முதலாமவர் பத்துக்கு 9, 3, 8 எனவும், இரண்டாமவர் 6, 8, 6 எனவும், மூன்றாமவர் 7, 6, 5 எனவும் புள்ளிகள் பெறுகின்றனர். பெருக்கிக் கூட்டினால் முதலாமவருக்கு 70, இரண்டாமவருக்கு 66, மூன்றாமவருக்கு 63 கிடைக்கும். முதலாமவரே பொருளாளர். ஆனால், கணக்கறிவுக்கும் நேர்மைக்கும் ஒத்த மதிப்பளித்து 4, 4, 2 என நிறைகளை மாற்றினால் கூட்டுத்தொகைகள் 64, 68, 62 என மாறும். இப்பொழுது இரண்டாமவரே பொருளாளர். மூவரின் தகுதிகளும் முன்னிருந்தவாறே உள்ளன. மாறியது நிறை மட்டுமே.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து இரண்டு வினாக்கள் எழுகின்றன. நிறையை இடுபவர் யார், எதனைக் கொண்டு இடுகின்றார் என்பது ஒன்று. நேர்மையில் பத்துக்கு மூன்றே பெற்ற ஒருவரின் குறையைக் கணக்கறிவின் மிகுதி ஈடுசெய்துவிடக் கூடுமா என்பது மற்றது. இவ்விரு வினாக்களையும் மனத்திருத்திக்கொண்டு அதிகாரத்தினுட் புகுவோம்.

மிகுதியின் இருவகை

504ஆம் குறளில் மிகுதி என்பது எதனைக் குறிக்கின்றது? குணங்கள் ஆறும் குற்றங்கள் நான்கும் உடையவன் நல்லவன் என்பதா? பரிமேலழகர் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் குறிப்பிடுகின்றார். மிகுதி இருவகையால் நிகழும். தலைமையினால் உயர்தல் ஒன்று. பன்மையினால் உயர்தல் மற்றது. சிறந்து நிற்கும் ஒரே குணம் சிறு குற்றங்கள் பலவற்றை வெல்லலாம். அன்றி, சிறியன பல திரண்டு பெரியதொன்றை வெல்லலாம். உரையின் ஓட்டத்தில் எளிதாகக் கடந்துவிடக்கூடிய இக்குறிப்பு இன்றைய முடிவெடுத்தற்கலையின் நடுநாயகமான சிக்கலைத் தொட்டு நிற்கின்றது. தலைமை என்பது நிறை. பன்மை என்பது எண்ணிக்கை.

உரையாசிரியரின் இப்பாகுபாடு அவர் தாமே புனைந்ததன்று, பொருட்பாலிலேயே வேரூன்றியது என்பதை வேறிரு குறள்கள் உணர்த்துகின்றன. ‘வலியறிதல்’ அதிகாரத்து 475ஆம் குறள், மிக இலேசான மயிலிறகும் அளவின்றி ஏற்றப்படின் வண்டியின் அச்சை முறித்துவிடும் எனக் கூறுகின்றது. தனித்தனியே நிறையற்றவை பன்மையினாற் பெருநிறை பெறுகின்றன. இது கூட்டலின் தருக்கம். ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்து 438ஆம் குறளோ இதற்கு மறுதலையானது. பொருளைப் பற்றிக்கொண்டு ஈயாதிருக்கும் உலோபத்தை ஏனைய குற்றங்களோடு ஒன்றாக வைத்து எண்ணுதலே ஆகாது என அது விலக்கி நிறுத்துகின்றது. எண்ணத்தகாத ஒன்றைக் கூட்டவும் இயலாது. எத்துணைப் பெரிய எண்ணை அதற்கு நிறையாக இட்டாலும், அவ்வெண்ணை வேறு சிறியவை கூடி எட்டிவிடக் கூடும். எட்டவே முடியாததென ஒன்றைக் கருதினால் அதனைப் பட்டியலுக்கு வெளியே வைப்பதன்றி வேறு வழியில்லை. ஆக, கூட்டத்தக்கவை சில, கூட்டத்தகாதவை சில என்னும் தெளிவு பொருட்பாலில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நிரலில் இட்டுக் கூட்டும் முறைக்கு இத்தெளிவு இயல்பாக வாய்ப்பதில்லை, வேண்டுமென்றே சேர்க்கப்படவேண்டியுள்ளது.

இவ்விடத்தில் துலாக்கோல் உவமையையும் நினைவுகூரலாம். ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தில் சான்றோர்க்கு உவமையாக வருவது தராசு. தராசு எண் கூறுவதில்லை. இருதட்டுள் எது தாழ்ந்தது என்பதை மட்டுமே காட்டுகின்றது. அதற்கும் முன்பாகத் தான் ஒருபுறம் சாயாது நிற்றல் வேண்டும். அளக்கப்படும் பொருளின் நிறையை அறியுமுன் அளக்கும் கோலின் நேர்மையை அறிய வேண்டும் என்பதே அவ்வுவமையின் உட்கிடை.

தேர்வும் தெளிவும்

இனி அதிகாரத்தின் முதற்குறளை நோக்குவோம். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின் வழியாகவும் ஒருவனை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பது 501ஆம் குறளின் கருத்து. பரிமேலழகர் இதனை வடநூலார் கூறும் உபதை என்னும் சோதனைகள் நான்கோடு பொருத்தி விளக்குவர். இங்கு நான்கையும் கூட்டுமாறு வள்ளுவர் கூறவில்லை. பொருளாசைக்கு இடங்கொடுப்பவன் உயிரச்சம் இல்லாதவன் என்பதற்காகத் தெளியப்படுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி வாயில். ஒன்றிலே தடைப்பட்டவன் உட்புக முடியாது. அடுத்த அதிகாரமான ‘தெரிந்துவினையாடல்’ இப்போக்கை மேலும் உறுதிசெய்கின்றது. அன்பு, அறிவு, ஐயமின்றித் தெளியும் ஆற்றல், அவாவின்மை ஆகிய நான்கையும் நன்கு உடையவனையே தெளிக என 513ஆம் குறள் கூறும். நான்கின் கூட்டுத்தொகை இங்கு பேசப்படவில்லை. நான்கும் இருத்தலே வேண்டப்படுகின்றது.

எனவே அதிகாரத்தினுள் இருவேறு நெறிகள் உள்ளன. ஒன்று விலக்கும் நெறி. மற்றது ஈடுசெய்யும் நெறி. இவை முரணுவன போலத் தோன்றினும் முரணல்ல. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக 503ஆம் குறள் அமைகின்றது. அரியவற்றைக் கற்றுக் குற்றமற்றவராய் விளங்குவோரிடத்தும் நுணுகி ஆராயின் அறியாமை சிறிதேனும் இல்லாதிருத்தல் அரிது என்கிறது அக்குறள். முழுத்தகுதியுடையோர் கிடைப்பதரிது என்ற உண்மை ஏற்கப்பட்ட பின்னரே குணத்தையும் குற்றத்தையும் ஒப்பிட்டு மிகுதியைக் காணவேண்டிய தேவை எழுகின்றது. முதலில் விலக்கத்தக்கோரை விலக்கி, எஞ்சியோருள் மிகுதி நாடுதல் என்பதே இவற்றின் பொருளமைதி. குறள்களின் வைப்புமுறை உரையாசிரியர்களிடையே வேறுபடுவதால் வரிசையை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது எனலாம். ஆயின் வரிசையை மாற்றினும் இத்தொடர்பு அறுவதில்லை. மேலே கண்ட எடுத்துக்காட்டில் நேர்மையில் ஐந்துக்குக் குறைந்தோரை முதலிலேயே விலக்கியிருந்தால், நிறைகள் எவ்வாறிருப்பினும் முதலாமவர் பொருளாளராகி இருக்கமாட்டார்.

நிறை எங்கிருந்து பிறக்கின்றது என்ற வினாவுக்கும் பொருட்பாலில் விடையுண்டு. இந்த வினையை இந்த வழியால் இவன் முடிப்பான் என ஆராய்ந்து, அவ்வினையை அவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 517ஆம் குறளின் கருத்து. மனிதனின் மதிப்பு வினையோடு பொருத்திக் காணப்படுகின்றது. வினை மாறின் நிறையும் மாறும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இதனை வேறொரு வகையிற் கூறுகின்றது. அறச்சோதனையில் தேறியோரை நீதி வழங்கும் பணிகளிலும், பொருட்சோதனையில் தேறியோரை வரி திரட்டல், களஞ்சியம் ஆகியவற்றிலும் அமர்த்துமாறும், நான்கிலும் தேறியோரையே அமைச்சராக்குமாறும் அது விதிக்கின்றது. ஒரு சோதனைக்கு ஒரு பதவி எனப் பகுத்தமை ஆட்சியனுபவத்தின் வெளிப்பாடு. வள்ளுவரிடம் இத்தகைய பட்டியல் இல்லை. பதவிகளின் பெயரைச் சுட்டாது நெறியை மட்டும் கூறியமையாலேயே அவர் கூற்று ஓர் அரசுக்கும் ஒரு காலத்துக்கும் உரியதாக ஒடுங்காது நிற்கின்றது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தெரியும் முறையின் எல்லையையும் அவர் உணர்ந்திருந்தார். எவ்வகையால் ஆராய்ந்து தெளிந்த பின்னரும் வினையில் ஈடுபடும்போது வேறுபட்டு நிற்போர் பலர் என்னும் 514ஆம் குறள், எந்தப் புள்ளித்திட்டத்தின் தலைப்பிலும் பொறிக்கத்தக்க எச்சரிக்கை. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என 505ஆம் குறள் கூறுவதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. தெரிவு என்பது தீர்ப்பன்று, செயலால் உறுதிப்படுத்தப்படவேண்டிய ஒரு கணிப்பே என்பது இவற்றாற் பெறப்படும்.

அதிகாரத்தின் மட்டுப்பாடு

வள்ளுவரைப் போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. இவ்வதிகாரத்தின் அளவுகோல்கள் யாவும் இன்று நமக்கு உடன்பாடானவை அல்ல. நற்குடியிற் பிறத்தலை 502ஆம் குறள் ஒரு தகுதியாக வைக்கின்றது. சுற்றமற்றோரைத் தெளியலாகாது என 506ஆம் குறள் விலக்குகின்றது. பின்னதற்கு அக்குறளே காரணமும் தருகின்றது: உலகப் பற்றில்லாதோர் பழிக்கு அஞ்சமாட்டார். அளக்க விரும்பியது பழிக்கு அஞ்சும் பண்பு. அது கண்ணுக்குப் புலனாகாமையால் புலனாகும் சுற்றம் அதற்குப் பதிலாக அளக்கப்படுகின்றது. குடிப்பிறப்பும் இத்தகையதே. ஒன்றை அளக்க முடியாதபோது அதன் அருகிலிருக்கும் வேறொன்றை அளத்தல் அன்றுமுதல் இன்றுவரை தொடர்கின்றது. இன்று நற்குடிக்குப் பதிலாக நற்பாடசாலையும், சுற்றத்துக்குப் பதிலாகப் பரிந்துரைக் கடிதமும் வந்துள்ளன. ஆதரவற்ற ஒருவன் தன் குற்றமின்றியே விலக்கப்படுவது இத்தகைய அளவுகோல்களால் விளையும் அநீதி. செயலே உரைகல் எனக் கூறும் குறளும் பிறப்பைத் தகுதியாக்கும் குறளும் ஒரே அதிகாரத்தில் அமைந்தமை வள்ளுவர் வாழ்ந்த சமுதாயத்தின் முரண்பாட்டையே காட்டுகின்றது. அம்முரணை உரையின் சாமர்த்தியத்தால் மறைப்பதினும் முரணென ஏற்று, உரைகல்லின் பக்கம் நிற்பதே இன்றைய வாசகனுக்குத் தக்கது.

எண்ணும் நாமும்

எண்ணிட்டுத் தெரியும் முறையை முற்றாக ஒதுக்குதலும் பொருந்தாது. அமெரிக்க உளவியலாளர் றொபின் டோஸ் 1979இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், எல்லா அளவுகோல்களுக்கும் ஒத்த நிறையிட்டுக் கூட்டும் எளிய கணிப்பும் பல வேளைகளில் நிபுணரின் ஒட்டுமொத்த உளமதிப்பீட்டை விஞ்சுவதைக் காட்டினார். மனிதர் ஒரே தகுதியை இன்று ஒருவாறும் நாளை வேறொருவாறும் மதிப்பர். கணக்கு அவ்வாறு மாறுவதில்லை. அன்பு காரணமாக அறிவற்றோரைத் தெரிந்துகொள்வதால் விளையும் கேட்டை 507ஆம் குறள் எச்சரிக்கின்றது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட புள்ளித்திட்டம் அக்கேட்டுக்கு ஓர் அணை. அத்திட்டம் விண்ணப்பங்களைக் கண்ட பின்னர் வகுக்கப்படுமாயின் அணையே மடைவாயிலாகிவிடும். வேண்டியவரை முதலில் தெரிந்துகொண்டு, அவருக்கு வாய்ப்பான நிறைகளைப் பின்னர் இடுதல் எவருக்கும் கைகூடும். நேர்முகப் பரீட்சைகளை எதிர்நோக்கியிருக்கும் எம்போன்ற மாணவர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் ஐயமன்று.

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி வரலாறு இதற்குத் தக்க சான்று. 1970களில் மொழிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் நடைமுறைப்படுத்தப்பட்ட ஏற்பாடுகளால் ‘தரப்படுத்தல்’ என்னும் சொல் எம்மிடையே வெறும் கணிதக் கலைச்சொல்லாக இல்லாது ஒரு தலைமுறையின் மனக்காயமாயிற்று. 2001ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து, ஒவ்வொரு பாடத்தினதும் இடையையும் நியம விலகலையும் கொண்டு கணிக்கப்படும் இசட் புள்ளி நடைமுறையில் உள்ளது. கடினமான பாடத்தின் புள்ளியையும் எளிதான பாடத்தின் புள்ளியையும் அவ்வாறே கூட்டுவது நியாயமன்று என்பதே அதன் அடிப்படை. ஆயினும் எவரெவரை ஒரே தொகுதியாகக் கொண்டு இடையைக் கணிப்பது என்பதைக் கணிதம் தானாகக் கூறுவதில்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். இரு தொகுதியினரையும் இணைத்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012இல் உயர்நீதிமன்றம் இரத்துச்செய்து, அவர்களை வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்கப் பணித்தது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான இடங்களை அகில இலங்கைத் திறமைக்கு 40 சதவீதம், மாவட்டங்களுக்கு 55 சதவீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதம் எனப் பகுக்கும் ஏற்பாடும் இத்தன்மையதே. திறமைக்கும் வாய்ப்பின்மைக்கும் இடையே ஒரு சமுதாயம் இட்டுக்கொண்ட நிறைகளே அவ்வெண்கள். அவை சரியா பிழையா என்பதை எண்கணிதத்தால் நிறுவ முடியாது. சமுதாய நீதி பற்றிய வாதத்தாலேயே நிறுவ முடியும். அவ்வாதம் நிகழாதவிடத்து எண், வாதத்தைத் தடுக்கும் திரையாகிவிடுகின்றது.

‘தெரிந்துதெளிதல்’ அதிகாரம் ஒரு கணக்குமுறையன்று என்பது இதுகாறும் கூறியவற்றாற் போதரும். கணக்கிடத் தொடங்குமுன் வினவவேண்டியவற்றை அது வினவுகின்றது. எவை கூட்டத்தக்கவை, எவை கூட்டத்தகாதவை? மிகுதி தலைமையாலா, பன்மையாலா? எவ்வினைக்காக இத்தெரிவு? அளக்கப்படுவது உண்மைத் தகுதியா, அதன் நிழலா? இவ்வினாக்களுக்கு விடைகூறியபின் எண்களை இடுவதில் தவறில்லை. விடைகூறாது இடும் எண், இட்டவரின் விருப்பத்தை மறைக்கவே உதவும். ஆராயாது தெளிதலும் தெளிந்தபின் ஐயுறுதலும் தீராத் துன்பம் தரும் என 510ஆம் குறள் அதிகாரத்தை முடிக்கின்றது. இவ்விரண்டும் தெரிபவரின் பொறுப்பைச் சுட்டுவன. புள்ளித்திட்டம் தெரிந்தது, யாம் தெரியவில்லை எனக் கூறி அப்பொறுப்பிலிருந்து நீங்க இவ்வதிகாரம் எவருக்கும் இடந்தருவதில்லை. அதனை முகாமைத்துவ நூலொன்றின் பழந்தமிழ் முன்னோடி எனப் பாராட்டுவதினும், இன்று நடைமுறையிலுள்ள புள்ளித்திட்டங்களை வினவுதற்குரிய ஓர் உரைகல்லாகக் கொள்வதே அதற்கு நாம் செய்யும் நியாயமாகும்.